இரண்டு கிளினிக்குகளுக்கு நடுவில்

கண்டியிலிருந்து கலஹா செல்லும் வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலாக ஏறினால் வருகின்ற ஒரு தோட்டம். அங்கே கடைசி லயத்தில் நாற்பத்தொரு வயதான அக்கா ஒருவர் வசிக்கின்றார். பத்தொன்பது வயதில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கத் தொடங்கியவர். ஒரு காலத்தில் மலையிலே அவருடைய கூடைதான் முதலில் நிறையும் என்று அயலவர்கள் சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மழைக்காலத்தில் அவருடைய விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. "எந்திரிச்சா கை மரக்கட்டையாட்டம் கெடக்குங்க தம்பி. ரொட்டிக்கு மாவு பெசைய ஏலாது. ஒம்பது மணிக்கு மேலதான் அது எங் கையா ஆகும்" என்று எம்மிடம் சொன்னார்.

ஒன்பது மணிக்குக் கை சரியாகி என்ன பயன்? பெரட்டு அதற்கு வெகுநேரம் முன்னரே முடிந்துவிடும். பிந்திப் போனால் அரைப்பேர். சில நாட்களில் அதுவும் இல்லை. வேலைக்கள்ளி என்று கங்காணி பெயர் வைத்தார். "எனக்கே இல்லாத வாதம் ஒனக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்று மாமியார் கேட்டார். நண்பகலில் எல்லோரையும் போலக் கைவீசி நடக்கின்ற ஒரு பெண், காலையில் சாயத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்தாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? நோவு இருக்கின்றது, ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. இந்நோயாளர் அனுபவிக்கும் துன்பங்களுள் பாதி இதுவே எனலாம்.

எண்ணெய் பூசினார், ஒத்தடம் கொடுத்தார், கடையில் விற்ற ஏதோ ஒரு தூளையும் வாங்கிச் சாப்பிட்டார். ஒன்றரை வருடம் இப்படியே கழிந்தது. ஈற்றில் தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு பெற்று நகரத்து வைத்தியசாலைக்குச் சென்றபோது, இரத்தப் பரிசோதனைக்குப் பின் அவருக்குச் சொல்லப்பட்டது: ருமட்டொயிட் மூட்டுவாதம். இது தன்னெதிர்ப்பு நோய்களுள் ஒன்று.

காவற்காரன் வீட்டாரையே அடித்தால்

எமது உடலுக்குள் ஒரு காவற்படை இருக்கின்றது. வெளியிலிருந்து வரும் கிருமியை இனங்கண்டு தாக்குவது அதன் தொழில். சிலருடைய உடலில் இப்படை ஆள் மாறித் தாக்கத் தொடங்குகின்றது. தோட்டத்துக்குக் காவலாக வைத்த வாச்சர், கள்ளனை விட்டுவிட்டு வீட்டுப் பிள்ளைகளை அடிப்பதைப் போன்றது இது. மூட்டின் உட்சவ்வைத் தாக்கினால் ருமட்டொயிட் மூட்டுவாதம். தைரொயிட் சுரப்பியைத் தாக்கினால் ஹஷிமோட்டோ நோய். இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழித்தால் சிறுபிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகை நீரிழிவு. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களையும் ஒரே வேளையில் தாக்குவது லூபஸ். இந்நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். மூட்டுவாதத்திலும் ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு பெண்களே பாதிக்கப்படுகின்றனர். பரம்பரை ஒரு காரணம், புகைத்தல் இன்னொரு காரணம். ஒருவருக்கு ஏன் வந்தது, அடுத்தவருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை.

முதுமையில் வரும் தேய்மான வாதத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. தேய்மான வாதம் நடக்க நடக்க நோகும், இருந்தால் ஆறும். ருமட்டொயிட் வாதமோ படுத்தெழும்பும்போதுதான் மோசமாக இருக்கும்; காலை இறுக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கும்; இரு கைகளிலும் ஒரே விதமாக விரலடி மூட்டுகள் வீங்கும். இவ்வாறு ஆறு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது எண்ணெய்க்கு அடங்கும் வாதமல்ல. முதற் சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் எலும்பு அரிக்கப்படாமல் காக்கலாம். அரித்த எலும்பு திரும்பி வராது. எமது அக்கா அந்த மாதங்களை எண்ணெய்க்கும் தூளுக்கும் கொடுத்துவிட்டார். அவரிலும் குற்றமில்லை. வாதம் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

மஞ்சள் மாத்திரை

இந்நோய்க்கு உலகெங்கும் முதலில் கொடுக்கப்படும் மருந்து மெதோட்ரெக்சேட். இதன் பின்னே எம்மவர் அறிந்திருக்க வேண்டிய கதையொன்று உண்டு. ஆந்திராவின் பீமவரத்தில் 1895இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுகூடத்தில் தலைமை தாங்கி நடத்திய வேலையிலிருந்தே போலிக் அமில வைட்டமினும் அதற்கு எதிராக வேலை செய்யும் இம்மருந்து வகையும் உருவாகின. முதலில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கே இது பயன்பட்டது. பின்னரே மிகச் சிறிய அளவில் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கலாம் எனக் கண்டார்கள். அமெரிக்காவில் 1988இல் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. இன்று எமது அரசாங்க வைத்தியசாலைகளில் இது இலவசமாகக் கிடைக்கின்றது.

ஆனால் இம்மருந்துக்கு ஒரு விதி உண்டு. இதை வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரமே எடுக்க வேண்டும். நாளாந்தம் எடுத்தால் எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும்; உயிருக்கே ஆபத்தாகலாம். உலகின் பல நாடுகளில் இத்தவறால் மரணங்கள் நிகழ்ந்துள்ளன. போதாக்குறைக்கு, இதனுடன் சேர்த்துக் கொடுக்கும் போலிக் அமில வில்லையும் பெரும்பாலும் இதே போன்ற சிறிய மஞ்சள் வில்லைதான்.

எமது அக்காவுக்கு நடந்தது இதுவே. கடதாசி உறையில் '3' என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் சிங்களத்தில் ஒரு சொல். வாயாலும் சிங்களத்தில் சொன்னார்கள். வரிசையில் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அவர் "ஹரி, ஹரி" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஒன்பது நாட்கள், நாளொன்றுக்கு மூன்று வில்லைகள். வாய் முழுவதும் புண் வெடித்து, சோறு விழுங்க முடியாமல், காய்ச்சலோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு வாரம் படுக்கையில் கிடந்து பிழைத்தார். எந்த வைத்தியசாலை என்பது இங்கு முக்கியமல்ல. தமிழ் இந்நாட்டின் அரச மொழிகளுள் ஒன்றென 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதப்பட்டது. மருந்து உறையின் முதுகிலும் அதை எழுதினாற் போதும் என்பதே எமது வேண்டுகோள்.

தப்பிப் பிழைத்து வந்தவர் எடுத்த முடிவு எல்லோரும் எடுக்கக்கூடியதே: இனி அந்த மருந்தே வேண்டாம். விரல்கள் மறுபடி வீங்கத் தொடங்கின.

சொல்பவர் அல்ல, கேட்பவர்

இந்த இடத்தில்தான் ஓய்வுபெற்ற தோட்டத்து மருத்துவிச்சி அம்மா வருகின்றார். முப்பது வருடம் லயம் லயமாக ஏறி இறங்கியவர். எமது அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அவர் கண்காணிப்பில் பிறந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து திண்ணையில் உட்காருவார். கிளினிக்கில் வேலை செய்யும் தாதி ஒருவரிடம் தாமே போய் மருந்தைப் பற்றிக் கேட்டறிந்து வந்திருந்தார்.

அவர் செய்த வேலைக்கு மேல்நாடுகளில் 'ஹெல்த் கோச்சிங்' என்று பெயர். தமிழில் சுகாதாரப் பயிற்றுவிப்பு என்று எழுதலாம். எமக்கென்னவோ 'கூட நடத்தல்' என்பதே பொருத்தமாகப் படுகின்றது. இப்பெயரெல்லாம் மருத்துவிச்சி அம்மாவுக்குத் தெரியாது. சொன்னபோது சிரித்தார்.

சுகாதாரக் கல்வி என்பதை நாம் அறிவோம். ஒருவர் நின்று பேசுவார், மற்றவர்கள் இருந்து கேட்பார்கள், முடிவில் துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். கூட நடப்பவர் செய்வது வேறு. அவர் முதலில் கேட்கின்றார். "என்ன செய்யணும்?" என்று சொல்வதற்கு முன், "ஒனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்கின்றார். எமது அக்கா சொன்ன விடை நோவைப் பற்றியதல்ல. "பெரட்டுக்குப் பிந்துறதுதாம்மா அவமானமா இருக்கு" என்றார். ஆகவே வேலை அங்கிருந்து தொடங்கிற்று.

மருந்தை மீண்டும் தொடங்குவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும் என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அடுத்த கிளினிக்குக்கு முன், அக்காவின் மனதில் இருந்த மூன்று கேள்விகளைப் பாடசாலையில் சிங்களம் படிக்கும் மகள் ஒரு தாளில் சிங்களத்தில் எழுதி, கிளினிக் புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஒட்டினாள். நடந்த தவறு, வாய்ப்புண், மறுபடி எடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. வைத்தியர் வாசித்தார். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். எந்த நாளில் எடுக்க விருப்பம் என்றும் கேட்டார்.

அந்த நாளைத் தெரிவு செய்ததில்தான் அம்மாவின் கெட்டித்தனம் தெரிகின்றது. இம்மருந்தை எடுத்த மறுநாள் பலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். வைத்தியருக்கு எல்லா நாளும் ஒன்றே. கொழுந்தெடுப்பவருக்கு அப்படியல்ல. சனிக்கிழமை இரவு எடுத்தால் அசதி ஞாயிற்றுக்கிழமையில் விழும், அன்று வேலையில்லை. போலிக் அமிலம் புதன்கிழமை. கலண்டரில் சனிக்கெல்லாம் சிவப்பு வட்டம். வில்லைகள் இரண்டும் வெவ்வேறு நிறப் போத்தல்களில். பின்பு அம்மா கேட்டார்: "இப்ப நீ எனக்குச் சொல்லு, நான்தான் நோயாளி, நான் எப்ப எப்படி முழுங்கணும்?" அக்கா பிழையில்லாமல் சொல்லி முடிக்கும் வரை அவர் எழும்பவில்லை. விளங்கியதா என்று கேட்டால் எவரும் விளங்கியது என்றே தலையாட்டுவர். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை வெளிவரும். இந்த ஒரு நிமிடம் மருந்து கொடுத்த இடத்தில் கிடைத்திருந்தால் ஒன்பது நாட்கள் நிகழ்ந்திரா.

அடுத்தது காலை இறுக்கம். எத்தனையோ செய்யலாம், ஆனால் ஒரு வாரத்துக்கு ஒன்றே போதும் என்றார். விடியற்காலையில் அடுப்பு எப்படியும் எரியும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கைகளை அமிழ்த்தி விரல்களை மடக்கி நீட்டுவது, வாரத்தில் ஐந்து நாள். "செய்வேங்கிற நம்பிக்கை பத்து விரல்ல எத்தனை விரல்?" என்று கேட்டார். அக்கா நான்கு விரல்களைக் காட்டினார். ஏன் நான்கு? அந்நேரத்தில் தண்ணீர் எடுத்து வந்து, மாவு பிசைந்து, பிள்ளைகளை எழுப்ப வேண்டும். கையை அமிழ்த்திக்கொண்டு இருக்க நேரமேது? மூத்த மகன் தண்ணீர் எடுப்பது, கணவர் மாவு பிசைவது என்று ஏற்பாடாயிற்று. ஆண் மாவு பிசைவதா என்று மாமியார் இரண்டு நாள் முணுமுணுத்தாராம். மீண்டும் கேட்டபோது எட்டு விரல்.

வைத்தியரிடம் கடிதம் பெற்று ஆறு வாரத்துக்கு இலகு வேலை கேட்பதும் அம்மா சொன்ன யோசனையே. அப்படி ஒரு கடிதம் கேட்கலாம் என்பதே அக்காவுக்குத் தெரியாது. துரை உடனே சம்மதித்தார் என்பதையும் இங்கு எழுதத்தான் வேண்டும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். மாதமொரு முறை கிளினிக்கில் வைத்தியருடன் பத்து நிமிடம் என்றால் வருடத்துக்கு இரண்டு மணித்தியாலம். வருடத்தில் உள்ள மணித்தியாலங்கள் 8,760. மீதி 8,758 மணித்தியாலத்திலும் நோயாளர் தமக்குத் தாமே வைத்தியராக இருக்கின்றார். கூட நடப்பவருக்குரிய வேலை அந்த மணித்தியாலங்களில்தான் இருக்கின்றது.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்ற தாதி, 1970களின் இறுதியில் மூட்டுவாத நோயாளருக்கான சுயபராமரிப்பு வகுப்புகளைத் தொடங்கினார். வாரமொரு முறை, சிறு குழு. நடத்தியவர்களுள் பலர் அதே நோய் கண்ட சாதாரண மக்கள். வைத்திய ஊழியர் நடத்திய வகுப்புகளையும் இவர்கள் நடத்தியவற்றையும் ஒப்பிட்டபோது, பாட அறிவில் முன்னது சற்று முந்தியது; பழக்கத்தை மாற்றுவதில் சாதாரண மக்களின் வகுப்புகள் பின்தங்கவில்லை.

1993இல் வெளியான அவருடைய ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. வகுப்புக்கு வந்தவர்களை நான்கு வருடங்கள் கழித்துப் பார்த்தபோது நோவு சராசரியாக நூற்றுக்கு 20 குறைந்திருந்தது. வைத்தியரிடம் செல்வது நூற்றுக்கு 40 குறைந்திருந்தது. அதே வேளையில் உடல் இயலாமை நூற்றுக்கு 9 கூடியிருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். அதாவது நோய் தன் வழியில் முன்னேறியது, ஆனால் நோயாளர் அதற்குள் அமிழ்ந்துபோகவில்லை. இன்னொன்றையும் அவர் கண்டார். யார் எவ்வளவு உடற்பயிற்சி செய்தார் என்பதை விட, "இதை என்னால் சமாளிக்க முடியும்" என்ற நம்பிக்கை யாருக்குக் கூடியதோ, அவரே கூடுதலான நன்மை பெற்றார். மருத்துவிச்சி அம்மாவின் பத்து விரல் கேள்வி அங்கே பூச்சியத்திலிருந்து பத்து வரையான அளவுகோலாகக் கேட்கப்படுகின்றது. ஏழுக்குக் குறைந்தால் திட்டத்தைச் சிறிதாக்கு என்பது அவர்களுடைய விதி.

பிரித்தானிய அரசாங்கம் 2001இல் இவ்வழியைத் தழுவி, நோயாளரே நோயாளருக்கு வழிகாட்டும் திட்டமொன்றை அறிவித்தது. ஐரோப்பிய வாதநோய் வைத்தியர்களின் அமைப்பும் 2021இல் வெளியிட்ட பரிந்துரைகளில் சுயபராமரிப்புக்குத் துணை நிற்பது சிகிச்சையின் ஒரு பகுதியென ஏற்றுக்கொண்டது.

மறுபக்கமும் உண்டு. ருமட்டொயிட் வாதத்தை மட்டும் எடுத்துப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டுக் கொக்ரேன் மீளாய்வு, நோயாளர் கல்வியால் கிடைத்த நன்மை சிறியது, நீண்டகாலத்துக்கு அது நிலைத்ததற்குச் சான்றில்லை என்றது. இதை வாசித்துச் சோர வேண்டியதில்லை என்பது எமது கருத்து. ஆறு வாரம் வகுப்பு நடத்திவிட்டுப் போய்விட்டால் நன்மையும் கூடவே போகின்றது. ஞாயிறு தோறும் திண்ணைக்கு வருபவர் போவதில்லை. மருந்தின் இடத்தை இது பிடிக்கும் என்றும் எவரும் எண்ணக்கூடாது. வீக்கத்தை வற்றச் செய்வது மெதோட்ரெக்சேட். அதைச் சனிக்கிழமையில் விழுங்க வைப்பது அம்மா.

எம்மிடம் ஏற்கனவே இருப்பவர்கள்

கூட நடப்பவரைத் தேடி நாம் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் இந்நாட்டின் பெருமை. 1930களில் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேலாக இருந்த தாய்மார் மரணம் இன்று மிகச் சிறிய தொகையாகக் குறைந்திருப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. தோட்டங்களின் சுகாதாரம் நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தமையால் இச்சேவை மலையகத்துக்குப் பிந்தியே வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த இடங்களில், அம்மா அறியாத வீடில்லை.

அவர்களுடைய கையில் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு ஒன்றுண்டு. அதைத் தன்னெதிர்ப்பு நோயுடன் இணைத்துப் பாருங்கள். மெதோட்ரெக்சேட் எடுக்கும் பெண் கர்ப்பம் தரிக்கக்கூடாது. சிசுவுக்கு ஊனம் நேரலாம். பிள்ளை வேண்டுமென்றால் முன்னரே வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். லூபஸ் கண்டவரும் நோய் அடங்கியிருக்கும் காலம் பார்த்தே கருத்தரிக்க வேண்டும். வாத கிளினிக்கில் மருந்து எழுதுகின்றார்கள், குடும்பநல அம்மா பதிவேடு எழுதுகின்றார். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. பதிவேட்டில் ஒரு சிறு குறிப்புப் போதும். சுகாதார வைத்திய அதிகாரிகள் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

2011 முதல் நடைபெறும் சுகவாழ்வு நிலையங்கள் நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கண்டறிவதற்காக ஏற்பட்டவை. அங்கு வரும் பெண்களிடம் "காலையில் கை எவ்வளவு நேரம் இறுகியிருக்கும்?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பதற்குச் செலவொன்றுமில்லை.

தைரொயிட் நோயாளருக்கும் கூட நடப்பவர் வேண்டும். எமது நாட்டில் 1995இல் உப்புக்கு அயடின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது, கண்டமாலை குறைந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இலங்கைப் பாடசாலைச் சிறுமியரிடையே தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் கூடுதலாக இருப்பதைக் கண்டு, அயடின் காரணமாக இருக்குமோ எனக் கேட்டது. இதற்காக உப்பை நிறுத்தக்கூடாது. அயடின் குறைவால் வரும் கேடு இதைவிடப் பெரிது. சொல்ல வந்தது வேறு. தைரொக்சின் வில்லையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். விடிந்ததும் சாயத்தண்ணி குடிக்காமல் கண் திறக்காத மலையகத்தில் அது நடக்கின்ற காரியமா? கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கல்சியம் வில்லைகளையும் இதனுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலிற் சேராது; நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுவதற்கு முன், எப்படிக் குடிக்கிறாய் என்று கேட்க ஒருவர் தேவை.

கைத்தொலைபேசியில் வருபவர்கள்

இப்பொழுது ஒவ்வொரு லயத்திலும் கைத்தொலைபேசி உண்டு. அதில் தோன்றித் தாமே பயிற்றுவிப்பாளர் என்று சொல்லிக்கொள்பவர்களும் பலர். இன்ன கீரையைச் சாப்பிடு, இன்ன தானியத்தை விடு, நாற்பது நாளில் நோயை வேரோடு பிடுங்கலாம், பணத்தை முதலில் அனுப்பு என்பார்கள். தன்னெதிர்ப்பு நோய்களில் பெரும்பாலானவற்றை அடக்கி வைக்கலாம். வேரோடு பிடுங்கும் மருந்து எவரிடமும் இல்லை. நோய் தானாகவே கூடிக் குறையும் தன்மையுள்ளது. குறையும் காலத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். வாதத்துக்கென விற்கப்படும் சில தூள்களில் ஸ்டீரொயிட் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இரண்டு நாளில் துள்ளிக் குதிக்க வைக்கின்ற தூள் என்றாலே சந்தேகிக்க வேண்டும்.

நல்ல பயிற்றுவிப்பாளரை இனங்காண்பது கடினமல்ல. அவர் எதையும் விற்கமாட்டார். வைத்தியர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லமாட்டார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்பார். மெதோட்ரெக்சேட் எடுப்பவருக்குக் காய்ச்சலோ வாய்ப்புண்ணோ மூச்சிரைப்போ வந்தால், கசாயம் காய்ச்சிக்கொண்டிராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் எடுப்பவரைக் கண் பரிசோதனைக்கு ஞாபகப்படுத்துவார். 2020இல் கொரோனாவுக்கு இம்மருந்து கைகண்டது என்று வதந்தி பரவி, உலகெங்கும் வாங்கிக் குவித்தபோது, லூபஸ் நோயாளர் தமக்குரிய வில்லைக்கு அலைந்ததை மறந்துவிடலாகாது.

பாதை மூடிய வாரம்

2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் மலைகள் சரிந்தன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. பாதைகள் மூடின, மின்சாரம் நின்றது, கிளினிக் நாள் வந்தும் கிளினிக்குக்குப் போக வழியில்லை. உயிர் தப்பினாற் போதும் என்றிருந்த வேளையில் மாத்திரையை யார் நினைப்பார்கள்?

ஆனால் சில மாத்திரைகளை நினைத்தே ஆக வேண்டும். நீண்டகாலம் பிரெட்னிசொலோன் எடுப்பவர் அதைத் திடீரென நிறுத்தினால் உடல் தளர்ந்து, இரத்த அழுத்தம் விழுந்து, மயங்கிப் போகலாம். உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட் அதற்குள் உறங்கிவிட்டிருக்கும். முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலின் ஒரு நாள் தவறினாலும் ஆபத்து. குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் ஈரமணலிட்ட இரட்டை மண்சட்டியில் வைக்கலாம். எமது மலைநாட்டுக் குளிரும் இதற்குத் துணை.

எமது அக்கா பிரெட்னிசொலோனும் சிறிதளவு எடுத்து வந்தார். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதே மருத்துவிச்சி அம்மா ஒரு பழக்கத்தைத் தொடக்கி வைத்திருந்தார். வைத்தியரிடம் சொல்லி மேலதிகமாகப் பெற்ற பத்து நாள் மாத்திரை, மருந்தின் பெயரும் அளவும் மும்மொழியிலும் எழுதிய அட்டை, கிளினிக் புத்தகம் ஆகிய மூன்றும் ஒரு பொலித்தீன் பையில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது என்று இரவில் எல்லோரையும் பாடசாலைக்கு இறக்கியபோது அவர் எடுத்துக்கொண்டு ஓடியவை இளைய பிள்ளையும் அந்தப் பையும்தான்.

பாடசாலை மண்டபத்தில் இருந்த எட்டு நாட்களில், அடுத்த டிவிசனைச் சேர்ந்த ஓர் இளம்பெண் காலையில் பாயை விட்டு எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அக்கா கண்டிருக்கின்றார். "எத்தனை மணிக்கு ஒனக்குக் கை ஒங் கையா ஆகுது?" என்று கேட்டாராம். அப்பெண் அழுதுவிட்டாள். அப்படி ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

பாதை திறந்த பின் இருவரும் ஒரே பஸ்ஸில் நகரத்துக்குப் போனார்கள். அவளுடைய கிளினிக் புத்தகத்தின் முதற் பக்கத்திலும் இப்பொழுது ஒரு தாள் ஒட்டியிருக்கின்றது. அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் இன்னும் நேராகவில்லை. இனி நேராகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மற்ற எட்டாலும் கொழுந்தெடுக்கின்றார். கடந்த மாதம் நாம் போனபோது ஞாயிற்றுக்கிழமை. மருத்துவிச்சி அம்மாவுக்கு முழங்கால் வலியாம், மேலே ஏற முடியவில்லையாம். அக்கா கீழே இறங்கி அவரைப் பார்க்கப் போயிருந்தார்.